ஆமியில் ஓடினவள்

1

நான் சிட்னிக்கு வந்து இந்த மாசத்தோட பத்து வருஷம். என்ர மனுசன் செல்வா, கேக் ஒண்டு வாங்கிக்கொண்டு வரட்டோ எண்டு கேட்டார். வேண்டாம் எண்டிட்டன். ரெண்டு கிழமையாச் சோறே தொண்டைக்குள்ள இறங்குதில்லை, இதுக்குள்ள கேக்கோ? எனக்குப் பயம். ஏன் பயம் எண்டு சொல்லுறதெண்டா முதலில பர்சானாவைப் பற்றிச் சொல்லவேணும். ஊரில இருந்து வாசிக்கிற உங்களுக்கு ஒரு பாகிஸ்தான் ஓட்டக்காரியின்ர கதை என்னத்துக்கு எண்டு தோன்றும். கொஞ்சம் பொறுங்கோ.

கிரவீனுக்குப் பக்கத்தில, சலாட் வெட்டிப் பெட்டியில அடைக்கிற தொழிற்சாலை ஒண்டில எனக்கு வேலை. குளிர் அறை. தலையில வலை, கையில உறை, மாரிகாலத்தில மூக்கு நுனி மரத்துப்போகும். ரெண்டு வருஷத்துக்கு முதல் எனக்குப் பக்கத்தில கொண்டுவந்து விட்ட பிள்ளைதான் பர்சானா. கலியாணம் கட்டி வந்தவள். புருசன் தாரிக் இங்க கனகாலம், வாகனம் திருத்துறவர். அவளின்ர இங்கிலீஷும் என்ர இங்கிலீஷும் ரெண்டும் நொண்டி, அதனால நல்லா ஒத்துப்போச்சு. என்னைப் 'பாஜி' எண்டு கூப்பிடுவாள். அக்கா எண்டு அர்த்தமாம்.

போன வருஷம் என்ர மகள் அபியின்ர பள்ளிக்கூடத்தில விளையாட்டுப் போட்டி. அவளுக்கு அப்ப எட்டு வயசு. தானும் வாறன் எண்டு பர்சானா என்னோட வந்தவள். தொப்பி போட்ட ஒரு மனுசன் சின்னத் துவக்கொண்டைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டதை நான் கவனிக்கேல்லை. ஓட்டத்தைத் துவக்குறதுக்கும் துவக்கு எண்டது எனக்கு யோசனையிலயே இல்லை.

டப்!

நான் புல்லில குப்புறக் கிடக்கிறன். ரெண்டு கையும் தலைக்கு மேல. கைப்பை எங்கேயோ பறந்துபோச்சு. தலையை நிமிர்த்திப் பாத்தா, சுத்தி நிக்கிற வெள்ளைக்காரத் தாய்மார் எல்லாரும் என்னைத்தான் பாக்கினம். அபி ஓடாம நிண்டு திரும்பிப் பாத்துக்கொண்டு நிக்கிறாள். பிறகு ஓடினாள்தான். கடைசி.

பர்சானா என்னைத் தூக்கி இருத்தி, சட்டையில ஒட்டின புல்லைத் தட்டிவிட்டாள். சிரிக்கேல்லை. "துவக்கு வெடிச்சா நீங்கள் படுக்கிறியள் பாஜி. எனக்கு அந்தச் சத்தம் கேட்டா கால் தானா ஓடும். இப்பவும் ஓடப் பாத்தது, பிடிச்சு வைச்சன்," எண்டாள். அப்பதான் சொன்னாள், தான் நாட்டுக்காக ஓடினவள் எண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு அபி முகத்தைப் பாக்காம, "நெக்ஸ்ட் ரைம் நீங்க வரவேண்டாம், அம்மா. ப்ளீஸ்," எண்டாள். குசினிக்குள்ள போய்க் குழாயைத் திறந்துவிட்டுப்போட்டு அழுதன்.

2

அதுக்குப் பிறகு சாப்பாட்டு நேரம் முழுக்க அவளின்ர ஓட்டக் கதைதான். நான் இடியப்பத்தைக் குடுத்து ரொட்டியை வாங்குவன்.

லாகூரில இருந்து ரெண்டு மணித்தியாலத் தூரத்தில ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்தில வெறுங்காலோட ஓடினவளை விளையாட்டு ரீச்சர் கண்டுபிடிச்சவ. தகப்பன் பஸ் கொண்டக்டர். காலமை வேலைக்குப் போகமுந்தி மோட்டச்சைக்கிளில கொண்டுபோய் மைதானத்தில விட்டுட்டு, வேலியோட நிப்பாராம், ஆரும் கத்தினால் பதில் சொல்ல. தாய் கணுக்கால் வரைக்கும் மறைக்கிற காற்சட்டை தைச்சுக் குடுத்தவ. "சில பேர் அந்தக் காற்சட்டைக்கும் கத்தினவை பாஜி. கத்தினவன் ஒருத்தன், நான் பதக்கம் எடுத்த அண்டைக்கு மாலையோட முன்னுக்கு நிண்டவன்," எண்டு சொல்லிச் சிரிப்பாள்.

நாட்டுக்குள்ள இருநூறு மீற்றரில முதலாவது. தெற்காசிய நாடுகளின்ர போட்டியொண்டில நாலு பேர் மாறி மாறி ஓடுற அஞ்சலோட்டத்தில வெண்கலம், அதில இவள் மூண்டாவது ஆள். பிறகு உலகப் போட்டியொண்டுக்கு நூறு மீற்றருக்கு அனுப்பினவை. நாட்டுக்கு ஒராளாவது வரட்டும் எண்டு விடுற இடம் அது. எட்டுப் பேரில எட்டாவது. முன்னுக்குப் போனவளுக்கும் இவளுக்கும் நடுவில ஒரு மாட்டு வண்டில் போகலாமாம். சனம் எழும்பி நிண்டு கைதட்டினதாம். "அந்தக் கைதட்டுத்தான் பாஜி எனக்கு அவமானம். முதலா வந்தவளுக்குத் தட்டினது வேற, எனக்குத் தட்டினது வேற. ஒண்டு மரியாதை, மற்றது இரக்கம்."

அதுக்குப் பிறகும் விடேல்லை, நாலு வருஷம் ஓடினவள். கடைசி ஓட்டம் 2010இல. அந்த வருஷம்தான் புது விதி வந்ததாம், துவக்கு வெடிக்கமுந்தி ஒருக்கா அசைஞ்சாலே வெளியில. முந்தியெண்டா ஒருக்கா மன்னிப்பு இருந்தது. நாலாவது பாதையில குனிஞ்சு நிக்கேக்க, அசையக்கூடாது அசையக்கூடாது எண்டு நினைச்சு நினைச்சே அசைஞ்சு போட்டாள். சிவப்பு அட்டை. அவ்வளவுதான்.

"பயத்தில முந்திட்டன் பாஜி," எண்டாள். அந்தச் சொல்லு எனக்குப் பிறகு நல்லா உதவினது.

3

ஒருநாள், காசுக்கு என்ன செய்தனி, ஓடினா ஆர் சம்பளம் தருவினம் எண்டு கேட்டன். ரொட்டியைப் பிச்சுக்கொண்டே, "நான் ஆமி," எண்டாள்.

ஆமி! உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, அந்தச் சொல்லு எங்கட வயித்துக்குள்ள என்ன செய்யும் எண்டு. மூண்டு நாள் நான் வேற மேசையில இருந்து சாப்பிட்டன். நாலாம் நாள் அவளே வந்து நிண்டு, கண் கலங்க விளங்கப்படுத்தினாள். அங்க ஓட்டக்காரரை ஆமி, ரயில்வே, மின்சார சபை எண்டு ஒவ்வொரு பகுதியும் வேலைக்கு எடுத்து வைச்சிருக்குமாம். பேர்தான் சிப்பாய். வேலை ஓடுறது மட்டும். ரயில்வேயும் கேட்டதாம், ஆமியில ஓடுற சப்பாத்து நல்லது எண்டு அங்க போனவள். அட, ஒரு சோடிச் சப்பாத்துக்காகப் போய் ஆமிக்காரி ஆகியிருக்கிறாள் இந்தப் பெட்டை!

அதோட கோபம் போச்சு. பயம் போகேல்லை.

இந்த நேரத்திலதான் அவளுக்கு நிரந்தர விசாப் படிவம் வந்தது. எங்கட ஆக்களுக்குள்ள என்னை 'ஃபோம் அன்ரி' எண்டு சொல்லுவினம். வென்ட்வேர்த்வில்லில ஆருக்குப் படிவம் வந்தாலும் எங்கட வீட்டுக் கதவு தட்டுப்படும். எழுத்து அச்சு மாதிரி இருக்கும், காசு வாங்கமாட்டன். பர்சானாவும் படிவத்தோட வந்தாள். என்ர குசினி மேசையில வைச்சு நிரப்பினம். இராணுவத்தில எப்போதாவது சேவை செய்தனீங்களோ எண்டு ஒரு கேள்வி. ஓம், இல்லை எண்டு ரெண்டு பெட்டி.

"பாஜி, நான் ஆமி எண்டு எழுதட்டோ?"

"மூச்! வாயே திறவாத," எண்டன். பேனையை அவளின்ர கையில இருந்து பறிச்சு, நானே 'இல்லை' எண்ட பெட்டியில கோடு போட்டன்.

என்ர மூளையில வேற ஒண்டும் ஓடேல்லை. அந்த நாளில இங்க எங்கட பிள்ளையள் எத்தினை பேர், அந்த இயக்கம், இந்தப் படை எண்டு ஒரு சொல்லு கடதாசியில ஏறினதால வருஷக்கணக்கா முகாமுக்குள்ள கிடந்தவை. எழுதினது அழியாது எண்டு எனக்கு வடிவாத் தெரியும். யாழ்ப்பாணத்தை ஆமி பிடிச்ச பிறகு, எங்கட தெருவில இருந்த கரப்பந்துக் கழகத்தின்ர வரவுப் புத்தகம் அவங்களின்ர கையில அம்பிட்டது. விளையாட வந்த பெடியளின்ர பேர், தகப்பன் பேர், விலாசம், எல்லாம் நீலப் பேனையில வரிசையா. அந்தப் புத்தகத்தைக் கையில வைச்சுக்கொண்டு வீடு வீடா வந்து கூப்பிட்டவை. என்ர தம்பியின்ர பேர் பதினோராவது. ஒன்பது மாசத்துக்குப் பிறகு விட்டவை. இப்பவும் ஒரு காது கேக்காது.

அவனைத் தேடிப் போன என்னையும் ரெண்டு நாள் முகாமில வைச்சிருந்தவை. ஒருத்தரும் என்னைத் தொடேல்லை. கேள்வி கேட்டவை, அவ்வளவுதான். ஆனா ரெண்டு இரவு ஆமி முகாமில இருந்த குமர்ப்பிள்ளையை ஊர் என்னெண்டு பாக்கும்? உயிர் போனாலும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு அம்மா என்ர தலையில கை வைச்சுச் சத்தியம் வாங்கினவ. என்ர சொந்த விசாப் படிவத்தில, எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டனீங்களோ எண்ட கேள்விக்கு நானும் 'இல்லை' எண்டுதான் போட்டனான். என்ர மனுசனுக்கும் தெரியாது. ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பின என்ர சிற்றிசன் படிவம் நாலு வருஷம் மேசை லாச்சிக்குள்ள கிடந்ததுக்கும் காரணம் இதுதான். போன வருஷம் இவரின்ர கரைச்சல் தாங்காமத்தான் அனுப்பினன்.

4

பர்சானாவின்ர படிவம் போய் நாலு மாசத்தில கடிதம் வந்தது. புருசன் பெண்சாதி எண்டு நிரூபிக்கப் படங்கள் கேப்பினம்தானே. தாரிக் ஆசை ஆசையா, தான் அவளை முதல் முதல் சந்திச்ச இடத்தில எடுத்த படத்தையும் படிவத்தோட வைச்சிருக்கிறார். ஒரு மைதானம். பர்சானா கழுத்தில பதக்கம், முகமெல்லாம் சிரிப்பு. நெஞ்சில, ஒரு சாண் உயர இங்கிலீஷ் எழுத்தில, 'ஆமி'.

நாலு எழுத்து. கண் தெரியாதவனுக்கும் தெரியும்.

இருபத்தெட்டு நாளுக்குள்ள விளக்கம் வேணுமாம். பொய்த் தகவல் எண்டு முடிவானா விசா இல்லை, மூண்டு வருஷத்துக்குத் திரும்பக் கேக்கவும் ஏலாது. அப்ப அவளுக்கு வயித்தில ஆறு மாசம்.

கடிதத்தை வாசிச்சு முடிச்சு அவளின்ர வயித்தைப் பாத்தன். பிள்ளைத்தாச்சியைப் பிளேன் ஏத்தப்போறன் நான்! காசில்லாமச் செய்த உதவியின்ர லட்சணம்! "என்னை மன்னிச்சுக்கொள்ளு," எண்டு அவளின்ர கையைப் பிடிச்சன்.

"நீங்கள் பயத்தில முந்திட்டியள் பாஜி. அந்தப் பிழை எனக்குத் தெரியும்," எண்டாள்.

திட்டியிருந்தாள் எண்டா எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

நேர வரச்சொல்லித் திகதியும் குடுத்திருந்தவை. நானும் போறன், நான்தான் போடச் சொன்னனான் எண்டு சொல்லப்போறன் எண்டு இவரிட்டச் சொன்னன். இவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சார்.

"உனக்கென்ன விசரோ சாந்தி? பதிவில்லாத ஆக்கள் விசா விசயத்தில யோசனை சொல்லுறதே குற்றமாம். உன்ர சிற்றிசன் பேப்பர் உள்ள கிடக்குது. போய் நானா விழப்போறன் எண்டு நிக்கிறாய்!"

"அப்ப அவள்?"

"அவளுக்குப் புருசன் இருக்கிறான். லோயர் பிடிக்கட்டும்."

இவர் கூடாத மனுசன் இல்லை. இவருக்கும் பயம். எங்கட வீட்டில ஆளுக்கொரு பயம், ஒரே கூரைக்குக் கீழ. அபிக்கு மட்டும் இல்லை. "மம், ஜஸ்ற் ரெல் த ட்ரூத்," எண்டுபோட்டுப் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டு போனாள். இந்த நாட்டில பிறந்த பிள்ளைக்கு அது அவ்வளவு லேசு. எனக்கு அவளைப் பாக்கப் பெருமையாவும் இருந்தது, ஆரோ பிறத்தியாற்ற பிள்ளை மாதிரியும் இருந்தது.

5

பரமட்டாவில இருக்கிற குடிவரவு அலுவலகத்துக்குப் போற ரெயிலில ரிக்கற் பாக்கிற சீருடைக்காரர் ரெண்டு பேர் ஏறினவை. ரிக்கற் கையில இருந்தும் எனக்கு வேர்த்து ஊத்தினது. பர்சானா சன்னலால பாத்துக்கொண்டு வந்தாள். வயித்தில கை.

அதிகாரி என்ர வயசுப் பொம்பிளை. பர்சானாவுக்குப் பின்னால எனக்கொரு கதிரை போட்டுத் தந்தவ, குறுக்க கதைக்கக்கூடாது எண்ட கட்டளையோட. மேசையில அந்தப் படம் கிடந்தது.

"உங்கட பதவி என்ன?"

"சிப்பாய்."

"ஆயுதம் பாவிச்சனீங்களோ?"

"துவக்குச் சத்தம் கேட்டிருக்கிறன். தொட்டதில்லை."

"என்ன கடமை?"

"காலமை ஓடுறது. பின்னேரமும் ஓடுறது. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு."

"ஆருக்கு எதிரா?" அதிகாரி எதை நினைச்சுக் கேட்டாவோ தெரியாது.

"ரயில்வேக்கு எதிரா," எண்டாள் பர்சானா, நெஞ்சை நிமித்தி. "பிறகு மின்சார சபைக்கு எதிரா. மின்சார சபைப் பெட்டையளைத்தான் வெல்லுறது கஷ்டம்."

அதிகாரி வாயைக் கையால பொத்தினா. சிரிச்சவவோ இருமினவவோ, நான் பின்னால இருந்ததால தெரியேல்லை. ஆனா கையை எடுக்கேக்க முகம் இறுகியிருந்தது.

"இதில மறைக்க ஒண்டுமில்லையே. பிறகு ஏன் 'இல்லை' எண்டு போட்டனீங்கள்?"

பர்சானா என்ர பக்கம் திரும்பிக் கூடப் பாக்கேல்லை. பிறகு மெல்ல, "என்ர பிழை. எனக்கு இங்கிலீஷ் விளங்கேல்லை," எண்டாள்.

பொய். எனக்காகச் சொன்ன பொய். அந்த மேசையில இன்னொரு பொய் ஏறுது, அதுவும் அவளின்ர பேரிலயே ஏறுது. என்னால பொறுக்கேலாமப் போச்சு. எழும்பினன். கதிரை பின்னால விழுந்தது.

"நான்தான் போட்டனான். அவ கேட்டவ, எழுதட்டோ எண்டு. நான்தான் வேண்டாமெண்டு என்ர கையால கோடு போட்டனான்."

"நீங்கள் பதிவுபெற்ற முகவரோ?"

"இல்லை."

"ஏன் அப்படிச் சொன்னனீங்கள்?"

இங்கிலீஷில அதுக்கு என்ன சொல்லுறது? வரவுப் புத்தகத்தைச் சொல்லுறதோ, நீலப் பேனையைச் சொல்லுறதோ? "எங்கட ஊரில ஆமி எண்டு எழுதின கடதாசிக்கு ஆக்கள் செத்தவை," எண்டு மட்டும் சொன்னன். இலக்கணம் சரியோ தெரியாது. அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை என்ர பக்கம் தள்ளினா. நடந்ததை எழுதி, முழுப்பேர், பிறந்த திகதி, விலாசம் போட்டுக் கையெழுத்து வையுங்கோ எண்டா.

மற்றவைக்காக எத்தினை பேரின்ர பேர் எழுதியிருப்பன்! அச்சு மாதிரி! அண்டைக்கு என்ர பேரின்ர முதல் எழுத்துக்கே ரெண்டு தரம் பேனை வழுக்கினது. எழுதினன்.

6

பர்சானாவுக்கு விசா கிடைச்சிட்டுது. பிழையான தகவல்தான், ஆனா ஏமாத்த நினைச்சதில்லை எண்டு ஏற்றுக்கொண்டவையாம். ரெலிபோனில உருதுவில கத்தினாள், எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை, நானும் தமிழில கத்தினன். மகள் பிறந்து இப்ப மூண்டு மாசம்.

ரெண்டு கிழமைக்கு முதல் எனக்குக் கடிதம் வந்தது. சிற்றிசன் விண்ணப்பம் தொடர்பாக வாற புதன்கிழமை நேர கதைக்கவேணுமாம், பழைய பத்திரங்கள் எல்லாத்தையும் கொண்டு வரட்டாம். எல்லாருக்கும் வாறதுதான் எண்டு இவர் சொல்லுறார். சொல்லேக்க என்ர முகத்தைப் பாக்கிறாரில்லை. வழமையான கடிதமோ, அண்டைக்கு எழுதின பேரால வந்த கடிதமோ, ஆருக்குத் தெரியும்?

இண்டைக்குக் காலமை பர்சானா பிள்ளையோட வந்தாள். இவர் கடைக்குப் போன நேரம். "என்ன பாஜி, இப்பிடி மெலிஞ்சு போனியள்?" எண்டு கேட்டாள். அவ்வளவுதான் கேட்டவள். பதினாறு வருஷமா ஒருத்தருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொல்லிப்போட்டன். முகாம், ரெண்டு இரவு, அம்மாவின்ர சத்தியம், என்ர படிவத்தில கிடக்கிற 'இல்லை'. ஆமிச் சம்பளம் எடுத்தவளிட்டப் போய் ஆமியைப் பற்றிச் சொல்லுறன்! பாதியிலதான் எனக்கே அது தட்டுப்பட்டது.

"உங்களைப் பிடிச்சு வைச்ச ஆக்களும் என்னை மாதிரி சிப்பாய்தானே பாஜி," எண்டாள். கண்ணால தண்ணி ஓடினது.

"உன்னை மாதிரி இல்லை," எண்டன். "அவங்கள் ரயில்வேயோட ஓடினவங்கள் இல்லை."

அழுதுகொண்டே சிரிச்சாள். பிள்ளையை என்ர மடியில வைச்சுப்போட்டு, மேசையில இருந்த பேனையை எடுத்துத் தந்தாள். "கேக்கமுந்தி நீங்களே குடுங்கோ. புதன்கிழமை நானும் வாறன். பின்கதிரை வேண்டாம், பக்கத்தில இருக்கிறன்."

எழுதிப்போட்டன். ஒரு பக்கம்கூட வரேல்லை. பதினாறு வருஷப் பயம் முக்கால் பக்கத்துக்குள்ள அடங்கிப்போச்சு எண்டு பாக்க எனக்கே வெக்கமா இருந்தது. புதன்கிழமை என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது. விசாவை எடுப்பினமோ, விடுவினமோ, அபியை விட்டுட்டு நான் எங்க போறது?

ஆனா உண்மையான பயம் பரமட்டாவில இல்லை. இந்தக் குறிப்பு உங்கட கைக்கு வரமுந்தி, பத்து வருஷமா எனக்குப் பக்கத்தில படுக்கிற மனுசனுக்கு இது தெரியவேணும். இவர் இப்ப கடையால வந்திட்டார். வேண்டாம் எண்டு சொல்லியும் கேக் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். முன் அறையில இருந்து என்னைக் கூப்பிடுறார்.

சொல்லிப்போட்டு வாறன்.